சித்திரை வருடத்துக்கு முற்றத்தில் கலவை மேசை: ஆலோசனை தேவை

குளக்கட்டு (உருத்திரபுரம்), மார்ச் 22

எல்லோருக்கும் வணக்கம். ஒன்பது வருடங்களுக்குப் பிறகு கனடாவிலிருந்து அண்ணா குடும்பத்தோடு வருகிறார். வருடப் பிறப்புக்கு எங்கள் வளவில் சொந்தம் எல்லாம் கூடப் போகிறது. எண்ணிப் பார்த்தேன், 45 பேர். பதினான்கு பேர் பிள்ளைகள், ஆறு பேர் எழுபதைக் கடந்தவர்கள்.

அண்ணாவுக்கு ஓர் ஆசை. நீளமான மேசையில் சாறு, பாகு, சோடா, வெட்டிய பழம், ஐஸ் எல்லாம் வைத்துவிட்டு, வருகிறவர்கள் தங்களுக்குப் பிடித்தபடி தாங்களே காக்டெயில் கலந்து குடிக்க விட வேண்டும். ரொறன்ரோவில் நண்பர் வீடுகளில் அப்படிச் செய்கிறார்களாம். தொலைபேசியில் அதைச் சொல்லும்போது அவர் குரலில் அவ்வளவு உற்சாகம்.

அம்மாவிடம் சொன்னேன். "மேசை வை. போத்தல் வைக்காதே" என்றார். அதற்குக் காரணம் உண்டு. போருக்குப் பிறகு மீள்குடியேறி மூன்றாம் வருடம் எங்கள் சின்னையா குடியால் ஈரல் கெட்டு இறந்தார். அவருடைய பிள்ளைகள் இருவரும் இந்த விருந்துக்கு வருகிறார்கள்.

எனக்குத் தெரிய வேண்டியவை: எவ்வளவு சாறு, எவ்வளவு ஐஸ் வேண்டும்? இந்த வெயிலில் எதை வைக்கலாம், எது கெட்டுவிடும்? சாராயம் இல்லாமல் இப்படியொரு மேசை வைத்தால் வெறும் சர்பத் பந்தல் போல இருக்குமா? அண்ணாவின் மனமும் நோகக் கூடாது, அம்மாவின் மனமும் நோகக் கூடாது.

தோடம்பூ (வவுனியா), மார்ச் 22

தங்கச்சி, நான் பதினொரு வருடமாகக் குளிர்பானக் கடை வைத்திருக்கிறேன். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்: இருக்காது. நல்ல பானத்துக்கு வேண்டியவை புளிப்பு, இனிப்பு, கசப்போ காரமோ ஒரு சிறு உறைப்பு, குளிர். சாராயம் போனால் உறைப்புத்தான் குறையும். அந்த இடத்தில் இஞ்சியையும் மிளகையும் நிறுத்தினால் குறை தெரியாது.

அளவு சொல்கிறேன். 200 மில்லி கிளாஸ் ஒன்றுக்குப் புளிப்புச் சாறு 20 மில்லி, பாகு 20 மில்லி, தண்ணீரோ சோடாவோ 120 மில்லி, மிச்சம் ஐஸ். ஒன்றுக்கு ஒன்று, அதற்கு ஆறு. இதை ஒரு மட்டையில் பெரிய எழுத்தில் எழுதி மேசையில் நிறுத்துங்கள். தாங்களே கலக்கச் சொன்னால் பெரும்பாலானவர்கள் பாகைக் கூட்டிவிடுவார்கள். பிறகு அரைக் கிளாஸோடு வைத்துவிட்டுப் போவார்கள்.

இந்த வெயிலில் ஆளுக்கு மூன்று கிளாஸ் போகும். 45 பேருக்கு 135 கிளாஸ். அத்தனைக்கும் தேசிக்காய் என்றால் 2.7 லீற்றர் சாறு வேண்டும். நம் ஊர்த் தேசிக்காய் ஒன்று 15 முதல் 20 மில்லி தரும். ஆகவே 150 காய். சித்திரைக்குத் தேசிக்காய் என்ன விலைக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் பாதியைப் பழப்புளிக்கு மாற்றுங்கள். மாசி, பங்குனியில் உலுப்பிய புதுப்புளி இப்போது வன்னியில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. புளிக்கரைசலும் பனங்கட்டிப் பாகும் சேர்ந்தால் வரும் நிறம் ஒன்றே போதும், பார்க்கிறவர்கள் கேட்டு வாங்கிக் குடிப்பார்கள்.

தேசிக்காயை அன்று காலைதான் பிழிய வேண்டும். முதல் நாள் பிழிந்தால் கசப்பு ஏறிவிடும். அலுமினியப் பாத்திரத்தில் எந்தப் புளிப்பையும் வைக்காதீர்கள்.

அளம்பில் கரை (முல்லைத்தீவு), மார்ச் 23

ஐஸ் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். மீன் வியாபாரம் செய்கிறவன். கரையில் வாங்கும் ஐஸ்பார் மீனுக்கு அடிக்க உருவாக்கியது. குடிக்கும் தண்ணீரில்தான் செய்தது என்று யாரும் உறுதி தர மாட்டார்கள். நிலத்தில் இழுத்து, சாக்கில் சுற்றி, மீன் பெட்டிகளோடு ஏற்றித்தான் வரும். மலிவாகக் கிடைக்கிறது என்று அதை உடைத்துக் கிளாஸில் போடுகிறவர்களைக் கல்யாண வீடுகளில் பார்த்திருக்கிறேன். மறுநாள் அரைவாசிப் பேருக்கு வயிற்றோட்டம். வேண்டுமென்றால் மூடிய போத்தல்களை வெளியிலிருந்து குளிர வைக்க அந்த ஐஸைப் பாவியுங்கள். கிளாஸுக்குள் போகவே கூடாது.

கிளாஸுக்கான ஐஸை வீட்டிலேயே உறைய வையுங்கள். வடிகட்டிய தண்ணீர் அல்லது கொதித்தாறிய தண்ணீர். சின்ன அச்சுக்கட்டிகள் சித்திரை வெயிலில் கண் முன்னே கரைந்து போகும். ஒரு லீற்றர் ஐஸ்கிரீம் டப்பாக்களில் உறைய வைத்துப் பெரிய கட்டியாக எடுத்து, தேவைக்கு உடையுங்கள். ஆளுக்கு முக்கால் கிலோ என்று வைத்தால் 35 கிலோ வரும். ஒரு வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியால் அது முடியாது. நான்கு வீட்டுக்காரரிடம் சொல்லி நான்கு நாள் முன்பிருந்தே தொடங்குங்கள்.

வைத்திருக்க ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டி போதும். ஆனால் மீன் வைத்த பெட்டி வேண்டாம், எத்தனை முறை கழுவினாலும் மணம் போகாது. புதுப் பெட்டியைப் பெரிய கடகத்துக்குள் இறக்கி, சுற்றிலும் உமி நிரப்பி, மேலே ஈரச் சாக்குப் போட்டு நிழலில் வையுங்கள். அறுவடை முடிந்த காலம், உமிக்கு உங்கள் பக்கத்தில் பஞ்சமே இராது.

சங்கக்கடை வாசல் (புதுக்குடியிருப்பு), மார்ச் 23

பிள்ளை, உங்கள் அம்மா சொன்னதுதான் சரி. எனக்கு வயது அறுபத்தெட்டு. 2009இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தோம். முட்கம்பிக்குள் இருந்தோம். திரும்பி வந்தபோது கூரை இல்லை, கிணற்றில் தண்ணீர் இல்லை. மண்வெட்டி வாங்கவே கடன். அந்த நாட்களில் ஆண்கள் பலர் மாலையானால் போத்தலோடு உட்கார்ந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பார்த்தவற்றை மறக்க அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை. ஆனால் அந்தக் கணக்கைக் கட்டியது பெண்களும் பிள்ளைகளும்தான். என் தெருவில் மட்டும் நான்கு வீடுகள் அப்படி இருக்கின்றன. பெயர் சொல்ல விரும்பவில்லை.

காக்டெயில் என்று சொன்னால் அது அழகாகத் தெரிகிறது. வண்ணம், பழத்துண்டு, குடை வைத்த கிளாஸ். பதினாறு வயதுப் பையன் அதைப் பார்த்து என்ன படிப்பான்? 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு மதுசாரம் விற்கக் கூடாது. கடைக்காரனைத் தடுக்கும் அந்தச் சட்டம் உங்கள் முற்றத்து மேசைக்குக் காவல் நிற்காது. அங்கே நீங்கள்தான் காவல்.

மேசை வையுங்கள். மிக நல்ல எண்ணம். பழமும் சாறும் வையுங்கள். அதோடு நிறுத்துங்கள்.

ஸ்காபரோக் குளிர் (கனடா; சொந்த ஊர் மாங்குளம்), மார்ச் 23

ஐயாவின் வார்த்தையை மதிக்கிறேன். ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் கொண்டாட்டங்களில் மேசையில் போத்தல் இருக்காது. வேலிக்குப் பின்னால் இருக்கும். கிணற்றடியில் இருக்கும். வாகனத்தின் பின்பக்கம் இருக்கும். பெண்கள் பார்ப்பதற்குள் முடிக்க வேண்டும் என்று வெறும் வயிற்றில் கடகடவென்று ஊற்றிக்கொண்டு வருவார்கள். என் அப்பாவும் அப்படித்தான் குடித்தார். எல்லோருக்கும் தெரிந்தும் யாருக்கும் தெரியாதது போல அந்த வீட்டில் வளர்ந்தேன். ஒளிப்பதால் குடி குறைந்ததை நான் பார்த்ததே இல்லை.

இங்கே நான் கலவை மேசை வைத்திருக்கிறேன். எல்லோர் முன்னாலும், அளந்து, சாப்பாட்டோடு, இரண்டு கிளாஸ். பெண்களும் அதே மேசையில் நிற்கிறார்கள். அந்த மேசையைச் சுற்றிச் சத்தமும் சண்டையும் வந்ததில்லை.

இன்னொன்று. இது வெள்ளைக்காரனுடைய வழக்கம் என்று நினைக்க வேண்டாம். 'பஞ்ச்' என்ற பானத்தின் பெயரே 'பஞ்ச' என்ற ஐந்திலிருந்து வந்தது என்று பலரும் சொல்வார்கள்: சாராயம், சீனி, தேசிக்காய், தண்ணீர், வாசனைச் சரக்கு. 17ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பனிக் கப்பல்காரர்கள் நம் கடல்களில் குடித்துப் பழகி ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். ஒரு பெரிய கிண்ணத்தைச் சுற்றிப் பலர் கூடி நிற்பது இந்தக் கரைகளிலிருந்து போன பழக்கந்தான்.

சங்கக்கடை வாசல் (புதுக்குடியிருப்பு), மார்ச் 23

தம்பி, வேலிக்குப் பின்னால் நடப்பது பற்றி நீங்கள் சொன்னது உண்மை. அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் உங்கள் மேசையைச் சுற்றி நிற்கிறவர்களுக்கு இரண்டு கிளாஸோடு நிறுத்தத் தெரியும். நிறுத்தத் தெரியாமல் போன ஒருவர் இறந்த வீடு இது. அந்தப் பிள்ளைகள் இருவரும் அந்த மணத்தை அறிவார்கள்.

ஸ்காபரோக் குளிர் (கனடா), மார்ச் 24

சரி ஐயா. பிள்ளைகளை நான் யோசிக்கவில்லை. அதை ஏற்றுக்கொள்கிறேன்.

வெள்ளைத் தொப்பி (கிளிநொச்சி), மார்ச் 24

நான் தாதியாக வேலை செய்கிறேன். வைக்கலாமா வேண்டாமா என்பதை அந்த வீட்டார் தீர்மானிக்கட்டும். உடம்பின் கணக்கை மட்டும் சொல்கிறேன்.

தாங்களே கலக்கும் மேசையில் மதுசாரம் இருந்தால் உண்மையான ஆபத்து கை அளவுதான். தன் கையால் ஊற்றுகிறவர் 30 மில்லி என்று நினைத்து 60 ஊற்றுவார். 33 வீதச் சாராயத்தில் 60 மில்லி என்றால் 20 மில்லி தூய மதுசாரம், ஏறத்தாழ 16 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஓர் அளவு என்று எடுத்துக்கொள்வது 10 கிராம். அதை எரித்து முடிக்கவே ஈரலுக்கு ஒரு மணி நேரம் அளவில் வேண்டும். இனிப்பும் புளிப்பும் சேர்ந்தால் நாக்குக்கு எரிவு தெரியாது. சாறு குடிப்பது போலவே குடித்துவிடுவார்கள். வெயிலில் வியர்த்து, சிறுநீராகவும் தண்ணீர் வெளியேறினால் உடம்பு வறண்டுபோகும். சிறுநீரக நோய் இந்தப் பக்கங்களில் எத்தனை பேரைத் தின்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

யார் தொடவே கூடாது: கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள், ஈரல் நோயாளர், வலிப்பு மாத்திரையோ நித்திரை மாத்திரையோ எடுப்பவர்கள், அன்று மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டு வீடு போகப் போகிறவர்கள். நீரிழிவுக்கு மெட்போமின் எடுப்பவர்கள் தங்கள் வைத்தியரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. கசிப்பு, அதாவது கள்ளச்சாராயம், என்ற பேச்சே வேண்டாம். அதற்குள் மெதனோல் இருந்தால் கண் போகும், உயிரும் போகும்.

ஒருவேளை வைப்பதென்றால் பொறுப்பான ஒருவர் கையில் மட்டும் போத்தல் இருக்கட்டும். மருந்துப் பாணிப் போத்தலோடு வரும் அளவுக் கிண்ணம் எல்லார் வீட்டிலும் இருக்கும். கோடு போட்டது, அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. பாகுக்கும் அதையே வையுங்கள்.

ஆறு முதியவர்கள் என்றீர்கள். அவர்களில் சிலருக்காவது நீரிழிவு இருக்கும். சீனியே இல்லாத ஒரு வரிசை கட்டாயம் வேண்டும்: மோர், உப்புத் தேசிக்காய்த் தண்ணீர், வெறும் சோடாவில் இஞ்சிச் சாறு. தனி மூலையில் நோயாளிக்கு வைத்தது போல வைக்காதீர்கள். நடுவில் வையுங்கள்.

பனை நிழல் (பளை), மார்ச் 25

இவ்வளவு பேரும் பேசியும் ஒருவரும் பனையிலிருந்து இறக்கும் கருப்பநீரைச் சொல்லவில்லையே! பங்குனி, சித்திரை அதற்கு நல்ல பருவம். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசி இறக்கினால் புளிக்காத இனிப்பு நீர். பூசாவிட்டால் கள். ஒரே பாளை, ஒரே நீர், சுண்ணாம்புதான் வேறுபாடு. பச்சை மாங்காயைச் சீவிப் போட்டுக் குடித்துப் பாருங்கள். சிறுவயதில் அப்பா அதிகாலையில் கொண்டுவந்து தருவார். அந்தச் சுவைக்கு ஈடாக இதுவரை நான் எதையும் குடிக்கவில்லை.

காலையில் இறக்கியதை வடித்து, சுண்ணாம்பு அடியில் தங்கவிட்டு, தெளிந்ததை மட்டும் எடுங்கள். மதியத்துக்குள் முடிக்க வேண்டும். வாங்கும்போதே சுண்ணாம்பு பூசியதா என்று கேளுங்கள். கள்ளை எவராவது கொண்டுவந்தால் இறுக்கி மூடி வைக்க விடாதீர்கள். நுரைத்துக்கொண்டே இருக்கும், கண்ணாடிப் போத்தல் வெடித்துவிடும்.

பிளாஸ்டிக் கோப்பை வாங்க வேண்டாம். பனை ஓலையில் பிளா கோலித் தருகிறேன். கனடாப் பிள்ளைகள் பிளாவில் குடித்திருக்க மாட்டார்கள்.

முத்தையன்கட்டு மழை (ஒட்டுசுட்டான்), மார்ச் 25

குறுக்கே ஒரு கேள்வி. எங்கள் தோட்டத்தில் வெள்ளரிப்பழம் வெடிக்கத் தொடங்கிவிட்டது. அது இந்த மேசைக்குச் சரிவருமா?

தோடம்பூ (வவுனியா), மார்ச் 25

வரும். ஆனால் கலவைக்கு அல்ல, தனியாக. விதை நீக்கி மசித்து, பனங்கட்டித் தூள், கட்டித் தேங்காய்ப் பால், ஒரு சிட்டிகை உப்பு. கரண்டியால் குடிக்கும் பதம். சோடா ஊற்றினால் திரிந்து போனது போல இருக்கும், அந்தத் தவறைச் செய்யாதீர்கள். தேங்காய்ப் பால் சேர்த்தபின் ஐஸின் மேலேயே வைத்திருக்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் நிற்காது.

கலவைக்கு ஏற்றவை: வத்தகப்பழச் சாறு, அன்னாசி, கொடித்தோடை, இளநீர், போத்தலில் வரும் நெல்லி ரசம், நன்னாரிப் பாகு. ஊறவைத்த கசகசாவை ஒரு கிண்ணத்தில் வையுங்கள், பிள்ளைகள் அதைத்தான் முதலில் தேடுவார்கள். பப்பாசி வேண்டாம், கட்டியாகிவிடும். பாலைப்பழம் இருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! அதற்கு ஆனி வரை பொறுக்க வேண்டும்.

குளக்கட்டு (உருத்திரபுரம்), மார்ச் 27

எல்லோருக்கும் நன்றி. எல்லாவற்றையும் அண்ணாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஐயா எழுதியதை வாசித்தபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. சின்னையாவின் செத்தவீட்டுக்கு வர முடியாமல் போனது அவருக்கு இன்னும் ஆறாத காயம்.

முடிவு இதுதான். வருடப் பிறப்பு நாளில் மதுசாரம் இல்லை. பிறப்பையொட்டி 13, 14ஆம் திகதிகளில் மதுக்கடைகளும் வழக்கமாக மூடியிருக்கும். மறுநாள் மாலை, பிள்ளைகள் அத்தை வீட்டுக்குப் போனபின், விரும்பிய பெரியவர்கள் மட்டும் கூடுவார்கள். போத்தல் அண்ணாவின் கையில். தாதி அக்கா சொன்ன அளவுக் கிண்ணம். ஆளுக்கு இரண்டு, ஒவ்வொன்றும் 30 மில்லி. சாப்பிடாதவர்களுக்கு இல்லை. மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் இரவு இங்கேயே தங்க வேண்டும். இந்த நிபந்தனைகள் அம்மா போட்டவை. கடைசியில் அம்மா இன்னொன்றும் சொன்னார்: "நானும் அங்கேயே உட்கார்ந்திருப்பேன்."

அளம்பில் கரை (முல்லைத்தீவு), மார்ச் 27

உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம். மறுநாள் மாலைக்கு இறால் நான் தருகிறேன், விலை பேச வேண்டாம். முறிகண்டிக் கச்சானும் வாங்கி வையுங்கள். வயிற்றில் ஏதாவது இருக்க வேண்டும்.

மேசையை எங்கே போடுவதென்றும் யோசியுங்கள். சித்திரையில் பின்னேரம் இடியோடு மழை வரும். படங்கு கட்டியே தொடங்குங்கள். மேசைக் கால்கள் நான்கையும் தண்ணீர்ச் சிரட்டைகளில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. பாகுக் கிண்ணங்களுக்கு மெல்லிய துணி, இல்லாவிட்டால் குளவி விழும். குரங்குக்கு ஓர் ஆள் காவல் வேண்டும். வெட்டிய அன்னாசியை மணந்தால் அவை கூரையால் இறங்கும்.

வெள்ளைத் தொப்பி (கிளிநொச்சி), மார்ச் 28

பழம் வெட்டும் பலகை இறைச்சி வெட்டியதாக இருக்கக் கூடாது. ஐஸ் எடுக்கக் கை போடாமல் அகப்பை வையுங்கள். இந்த இரண்டையும் மறக்காதீர்கள்.

குளக்கட்டு (உருத்திரபுரம்), ஏப்ரல் 18

நடந்ததை எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

48 பேர் வந்தார்கள். மருத்துநீர் வைத்து முழுகி, கோயிலுக்குப் போய், கைவிசேடம் வாங்கி, சாப்பிட்டு முடிக்கப் பன்னிரண்டு மணி. பிறகுதான் மேசையைத் திறந்தோம். முதல் கால்மணி நேரம் ஒருவரும் கிட்டே வரவில்லை. கூச்சம். யாராவது ஊற்றித் தருவார்கள் என்று கதிரைகளில் காத்திருந்தார்கள். நம் பழக்கம் அதுதானே, விருந்தாளி தானாக எடுத்துக் குடிப்பது மரியாதைக் குறைவு. இதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். அண்ணாவின் மகள், ஏழு வயது, ஒரு பிளாவில் நெல்லி ரசமும் இளநீரும் கசகசாவும் கலந்து அப்பாச்சியிடம் கொண்டுபோய் நீட்டினாள். அம்மா குடித்துவிட்டு, "கொஞ்சம் தேசிக்காய் விடு பிள்ளை" என்றார். அவ்வளவுதான். அடுத்த நிமிடம் மேசையைச் சுற்றி இடமில்லை. அதன் பிறகு ஒருவரும் தமக்குக் கலக்கவில்லை. ஒருவர் மற்றவருக்குக் கலந்தார்கள். மாமி மருமகளுக்கு, பேரன் பாட்டனுக்கு.

முதலில் முடிந்தது புளியும் இஞ்சியும் சேர்ந்தது. தேசிக்காய் இருபது மிஞ்சியது. கருப்பநீர் ஒரு மணிக்குள் தீர்ந்தது. ஐஸ் நான்கு மணி வரை நின்றது. உமி செய்த வேலை அது. இடி மட்டும் முழங்கியது, மழை வரவில்லை. ஒரு குரங்கு மாதுளையோடு போனது.

மறுநாள் மாலை ஒன்பது பேர் இருந்தார்கள். அண்ணா அளந்து ஊற்றினார்: சாராயம் 30 மில்லி, தேசிக்காய் 20, இஞ்சிப் பாகு 20, மிச்சம் சோடா. வழக்கமாகக் கிணற்றடிக்குப் போகும் எங்கள் பெரிய மாமா அன்று எங்கும் போகவில்லை. ஒன்றோடு நிறுத்திவிட்டு, "புளித் தண்ணீர் இருக்கிறதா" என்று கேட்டார். சின்னையாவின் மூத்த மகன் குடிக்கவில்லை. அவனாகவே எழுந்து போய் அந்தப் புளித் தண்ணீரை மாமாவுக்குக் கலந்து கொடுத்தான். அம்மா சொன்னபடி கடைசி வரை உட்கார்ந்திருந்தார். இறால் மிக நன்றாக இருந்தது, அளம்பில் அண்ணா.

ஐயா, உங்கள் எழுத்தை அச்சிட்டு எங்கள் அண்ணா தன் பயணப் பையில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார்.

சங்கக்கடை வாசல் (புதுக்குடியிருப்பு), ஏப்ரல் 18

நல்லது பிள்ளை. அந்த மகன் நன்றாக இருக்கட்டும். என் மனைவி புளிப் பானத்தின் அளவைக் கேட்கிறாள். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு நடந்து வருகிறவர்களுக்கு எங்கள் படலையில் வைத்துக் கொடுக்க வேண்டும் என்கிறாள்.

குளக்கட்டு (உருத்திரபுரம்), ஏப்ரல் 19

இதோ ஐயா. பழப்புளி 250 கிராமை ஒரு லீற்றர் சுடுதண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்துப் பிசைந்து இரண்டு முறை வடியுங்கள். பனங்கட்டி 400 கிராமை அரை லீற்றர் தண்ணீரில் கரைத்து, தட்டிய இஞ்சி 100 கிராம் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, துணியால் வடியுங்கள். பனங்கட்டியில் மண் இருக்கும், அரிதட்டு போதாது. இரண்டையும் ஆறியபின் சேர்த்து, உப்பு ஒரு தேக்கரண்டி, வறுத்துப் பொடித்த சீரகம் அரைத் தேக்கரண்டி, மிளகு ஒரு சிட்டிகை. ஒரு பங்குக்கு மூன்று பங்கு குளிர்ந்த தண்ணீர். ஏறத்தாழ 30 கிளாஸ் வரும்.

நடந்து வருகிறவர்களுக்கென்றால் உப்பை இன்னும் அரைத் தேக்கரண்டி கூட்டுங்கள். எந்தத் திங்கட்கிழமை என்று சொன்னால் நானும் அண்ணியின் தங்கையும் முதல் நாளே வந்து இஞ்சி தட்டித் தருகிறோம்.

பனை நிழல் (பளை), ஏப்ரல் 19

எத்தனை பிளா வேண்டும் என்று எனக்கு எழுதுங்கள். ஓலை வெட்டி வாட வைக்க இரண்டு நாள் வேண்டும்.